ஹேர் ஸ்ட்ரெய்ட்டனிங்: 'கொஞ்சம் எரியும், பொறுத்துக்கோங்க' என்று சொன்னால் என்ன செய்ய வேண்டும்?

நண்பரின் கல்யாணம், புது வேலைக்கான இன்டர்வியூ, ஆபீஸ் ஆண்டு விழா என்று ஏதாவது ஒன்று வந்தால் போதும். விவேக் நகர், ஈஜிபுரா, கோரமங்கலா பக்கம் பிஜி விடுதிகளில் தங்கி வேலை பார்க்கும் பலருக்கும் தெருமுனை சலூனில் ஒரு ஸ்ட்ரெய்ட்டனிங் செய்துகொள்ளலாமே என்று தோன்றும். சில மணி நேரம் உட்கார்ந்தால் சுருட்டை முடி நேராகிவிடும். ஆனால் நடுவில் தலை எரிகிறது என்று சொன்னால், "கொஞ்சம் எரியும் மேடம், பொறுத்துக்கோங்க" என்ற பதில் வரலாம்.

பொறுத்துக்கொள்ளவே கூடாது. எரிச்சல் என்பது மருந்து வேலை செய்வதற்கான அடையாளம் இல்லை. கிரீம் தோலைத் தொட்டுவிட்டது என்பதற்கான எச்சரிக்கை. இந்தக் காயத்தைப் பெரும்பாலும் தவிர்த்துவிட முடியும். எப்படி என்று பார்ப்போம்.

தலைத்தோல் ஏன் வெந்துபோகிறது?

நம் முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரத இழைகளைக் கந்தக அணுக்களின் பிணைப்புகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஸ்ட்ரெய்ட்டனிங் கிரீம் அந்தப் பிணைப்புகளை உடைக்கிறது. சிக்கல் என்னவென்றால், தலைத்தோலின் மேலடுக்கிலும் இருப்பது கெரட்டின்தான். எது முடி, எது தோல் என்று கிரீமுக்குத் தெரியாது.

நம் தோலின் பிஎச் அளவு சுமார் 5. ரீபாண்டிங்கில் அதிகம் பயன்படும் தயோகிளைகோலேட் வகை கிரீமின் பிஎச் 9-ஐ ஒட்டி இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு கலந்த 'ரிலாக்ஸர்' கிரீமுக்கோ 12-க்கும் மேல். இந்த அளவுகோலில் ஓர் எண் ஏறினால் காரத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. காரம் தோலின் கொழுப்பைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். கழுவும் வரை நிற்காது. காயம் ஆழமாகி முடியின் வேர்க்கால் அழிந்துவிட்டால், அந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும், முடி திரும்ப முளைக்காது.

'நோ-லை' என்று லேபிளில் இருந்தால் பயமில்லை என்று நினைக்காதீங்க. அதில் சோடியம் ஹைட்ராக்சைடு இல்லை என்பது மட்டுமே அர்த்தம். வேறொரு ஹைட்ராக்சைடு இருக்கும், அதுவும் கடுமையான காரம்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் முடியை நேராக்கும் பொருள்களில் சோடியம் ஹைட்ராக்சைடுக்கு உச்சவரம்பு உண்டு. வீட்டு உபயோகத்துக்கு 2%, பயிற்சி பெற்றவர்கள் பயன்படுத்துவதற்கு 4.5%. 'புரொஃபஷனல் யூஸ்' என்று போட்டிருக்கும் டப்பாவை ஆன்லைனில் வாங்கி, ரூம்மேட்டை வைத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்த வித்தியாசமே போதும்.

கெரட்டின், ஸ்மூத்தனிங் எல்லாம் பாதுகாப்பானதா?

பெயர் மென்மையாக இருப்பதால் உள்ளே இருப்பதும் மென்மையாக இருக்கும் என்று சொல்ல முடியாது. சில 'கெரட்டின்' கலவைகள் அயர்ன் செய்யும் சூட்டில் ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளிவிடுகின்றன. கண் எரியும், தொண்டை கரகரக்கும். இது புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது.

ஃபார்மால்டிஹைடுக்கு மாற்றாக வந்த கிளையாக்சிலிக் அமிலத்திலும் பிரச்னை இருக்கிறது. 2024-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஒரு 26 வயதுப் பெண்ணின் கதை வெளியானது. 2020, 2021, 2022 என மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்டார். மூன்று முறையும் அவருடைய சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. சிகிச்சையின்போது தலை எரிந்ததாகச் சொன்ன அவருக்குத் தலைத்தோலில் புண்களும் வந்திருந்தன. பயன்படுத்திய கிரீமில் 10% கிளையாக்சிலிக் அமிலம் இருந்தது. புண்ணான தோல் ரசாயனத்துக்குத் திறந்த கதவு மாதிரி.

உட்காரும் முன் என்ன பார்க்க வேண்டும்?

* டப்பாவைக் கையில் வாங்கிப் பாருங்கள். பெயர், சேர்மானங்கள், காலாவதி தேதி மூன்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லேபிள் இல்லாத கிண்ணத்தில் கலந்து கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.
* இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் துளி வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு சின்ன முடிக்கற்றையிலும் போட்டுப் பார்க்கலாம். வாக்-இன் ஆஃபருக்காக இதைத் தள்ளிவிடாதீங்க.
* புண், கீறல், சொறி, சோரியாசிஸ், கடுமையான பொடுகு இருந்தால் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். தேதியைத் தள்ளிப்போடலாம், தப்பில்லை.
* முந்தைய ஓரிரு நாட்கள் தலையைச் சொறியாதீங்க, சீப்பால் அழுத்தி வாராதீங்க. கண்ணுக்குத் தெரியாத கீறலிலும் கிரீம் இறங்கும்.
* சமீபத்தில் பிளீச், டை, மருதாணி போட்டிருந்தால், ஏற்கெனவே வேறு வகை ஸ்ட்ரெய்ட்டனிங் செய்திருந்தால், மறைக்காமல் சொல்லுங்கள். தயோகிளைகோலேட் போட்ட முடியில் ஹைட்ராக்சைடு போட்டால் முடி உடைந்து கொட்டும்.

கிரீம் போடும்போது?

நெற்றி ஓரம், காது, பிடரி ஆகிய இடங்களில் முதலில் வாசலின் தடவ வேண்டும். ஹைட்ராக்சைடு ரிலாக்ஸர் என்றால் தலைத்தோல் முழுக்கவே தடவுவது நல்லது. ரீபாண்டிங் கிரீமை வேரிலிருந்து சுமார் 1 செ.மீ. தள்ளித்தான் போட வேண்டும், தோலில் தேய்க்கக் கூடாது. டச்-அப் என்றால் புதிதாக வளர்ந்த பகுதியில் மட்டும் போட வேண்டும்.

நேரத்தைச் சலூன்காரரின் ஞாபகத்துக்கு விடாமல் உங்கள் போனிலும் டைமர் வையுங்கள். டப்பாவில் சொன்ன நேரத்துக்கு மேல் 'இன்னும் அஞ்சு நிமிஷம்' கிடையாது.

பெங்களூரில் இன்னொரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கிரீம் போடுபவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். கன்னடத்தில் "உரிதா இதே, தொளெயிரி" என்று சொல்லுங்கள். இந்தியில் "ஜலன் ஹோ ரஹீ ஹை, தோ தீஜியே". இரண்டுக்கும் 'எரியுது, கழுவி விடுங்க' என்றுதான் அர்த்தம். கூச்சப்படாமல் சத்தமாகச் சொல்லலாம்.

எரிய ஆரம்பித்துவிட்டால்?

உடனே கழுவ வேண்டும். குளிர்ந்த அல்லது சாதாரணக் குழாய்த் தண்ணீரை, ஓடும்படி, குறைந்தது 20 நிமிடம் ஊற்றுங்கள். தண்ணீர் கண்ணில் வழியாதபடி தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் அதையும் அதே அளவு நேரம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

"நியூட்ரலைசர் போட்டா சரியாயிடும்" என்று சலூனில் சொல்லலாம். ரீபாண்டிங் நியூட்ரலைசரில் பொதுவாக இருப்பது ஹைட்ரஜன் பெராக்சைடு. உடைந்த பிணைப்புகளை மறுபடி சேர்ப்பது அதன் வேலை, புண்ணுக்கு அது மருந்து இல்லை. எலுமிச்சை, வினிகர் ஊற்றிக் காரத்தை முறிக்கவும் பார்க்காதீங்க, இரண்டும் சேரும்போது சூடு கிளம்பும். டூத்பேஸ்ட், மஞ்சள், தேங்காய் எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். முக்கியமாக, அதற்குப் பிறகு அயர்ன் செய்ய விடாதீங்க.

கொப்புளம், நீர் வடிதல், தோல் வெளுத்துப்போதல், குறையாத வலி, முகவீக்கம், காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். வாந்தி, முதுகுவலி வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, என்ன கிரீம் போட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். விவேக் நகரிலிருந்து செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை பக்கம்தான். அரசு விக்டோரியா மருத்துவமனையில் மகாபோதி தீக்காய சிகிச்சை மையம் இருக்கிறது. எடுத்து வைத்த லேபிள் போட்டோவை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சலூன் மீது புகார் கொடுக்க முடியுமா?

முடியும். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சலூன் தருவதும் சேவைதான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம்.

ஆனால் ஆதாரம் வேண்டும். டெல்லி ஐந்து நட்சத்திர ஹோட்டல் சலூன் ஒன்றில் 2018-ல் நடந்த முடிவெட்டல் தொடர்பான வழக்கில், தேசிய ஆணையம் 2021-ல் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை ரத்து செய்து, ஆதாரத்தின் அடிப்படையில் மறுபடி முடிவெடுக்கச் சொன்னது. எனவே பில், யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, தேதியுடன் புண்ணின் போட்டோக்கள், மருத்துவர் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

முடியை நேராக்குவதா, சுருட்டையாகவே விடுவதா என்பது உங்கள் விருப்பம். நேராக்குவது என்று முடிவெடுத்தால், கையில் டப்பாவின் போட்டோவும் போனில் டைமரும் இருக்கட்டும். எரிந்தால் அந்த நிமிடமே கழுவச் சொல்லுங்கள். பாதி நேரான முடியை ஆறு மாதம் கழித்துச் சரிசெய்துகொள்ளலாம். வெந்துபோன வேர்க்காலை எந்த சலூனாலும் திருப்பித் தர முடியாது.