அமெரிக்க மாணவர் கடன் தள்ளுபடி: வருமானமும் நியாயமும்

என்னிடம் உயர்தரத்தில் தமிழ் படித்த மாணவனொருவனின் உம்மா ஒருநாள் பாடசாலைக்கு வந்திருந்தார். அரச பல்கலைக்கழக அனுமதி கொஞ்சப் புள்ளியால் கைதவறிப்போன பிள்ளை அவன். 2017இலிருந்து நமது நாட்டில் நடைமுறையிலுள்ள வட்டியில்லாக் கடன் திட்டத்தின் கீழ், அரச சார்பற்ற நிறுவனமொன்றில் பட்டம் படித்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர், படிப்ப உட்டுட்டு கட்டாருக்குப் போகப்போறேன் எண்டு நிக்கான். கடன்ட தொகைய நினைச்சா ராவைக்கு நித்திரை வருதில்லையாம்" என்றார்.

பக்கத்து மேசையிலிருந்த ஆசிரியர், "அமெரிக்காவில இந்தக் கடனையெல்லாம் தள்ளுபடி செய்றாங்களாமே, இங்க மட்டும் ஏன் ஏலாது?" என்றார். இன்னொருவர் விடவில்லை. "படிச்சு உழைக்கிறவன்ட கடன, படிக்காத லொறி டிரைவர் ஏன் கட்டணும்?" என்று கேட்டார்.

இரண்டு கேள்விகளும் எனக்குள் நின்றுவிட்டன. அமெரிக்காவின் கதையைத் தேடி வாசித்தேன். அதை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரின் பின் அந்நாடு உயர்கல்விக்குப் பெருந்தொகை செலவிட்டது. ஆனால் அதைக் கடனாகக் கொடுக்கவில்லை. 1944இன் படைவீரர் சட்டத்தின் மூலம் ஏறத்தாழ 22 இலட்சம் முன்னாள் படைவீரர்கள் அரசின் செலவில் கல்லூரிக்குப் போனார்கள். அங்கும் எல்லோருக்கும் ஒரே வாசல் திறக்கவில்லை. நிறப் பாகுபாடு சட்டமாக இருந்த தென் மாநிலங்களில், கறுப்பினப் படைவீரர் பலருக்கு அந்த உரிமை கடதாசியோடு நின்றுபோனது.

அரசின் மாணவர் கடன் 1958இல் வந்தது. முந்திய வருடம் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பியதில் அமெரிக்கா கலங்கியது. தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டம் பிறந்தது. அதன்படி ஒரு மாணவர் வருடத்துக்கு 1,000 டொலர் வரை, மொத்தமாக 5,000 டொலர் வரை, 3 வீத வட்டியில் கடன் பெறலாம். ஆசிரியை என்ற வகையில் என் கண்ணில் பட்டது இன்னொரு விதி. பட்டம் பெற்று அரச பாடசாலையில் படிப்பிக்கப் போனால், ஒவ்வொரு வருடச் சேவைக்கும் கடனில் 10 வீதம் கழியும். ஐந்து வருடத்தில் பாதிக் கடன் இல்லாமல் போகும். ஆக, தள்ளுபடி என்பது நேற்று முளைத்த யோசனையல்ல. கடன் திட்டத்தோடு கூடவே பிறந்தது அது. அன்று அதை யாரும் இலவசம் என்று ஏசவில்லை, சேவைக்கான கூலியாகவே பார்த்தார்கள்.

1965இல் ஜனாதிபதி ஜோன்சன், தான் படித்த டெக்சாஸ் கல்லூரிக்கே போய் உயர்கல்விச் சட்டத்தில் ஒப்பமிட்டார். அவரும் ஒரு காலத்தில் மெக்சிக்க வம்சாவளி ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஆசிரியர்தான். அந்தச் சட்டத்தின்படி வங்கி கடன் கொடுக்கும், அரசு பிணை நிற்கும். குடும்ப வருமானம் 15,000 டொலருக்குக் குறைவென்றால், படிக்கும் காலத்து வட்டியையும் அரசே கட்டும். வருமானக் கோடு அங்கே தெளிவாகவே கீறப்பட்டிருந்தது.

அந்தக் கோடு நிலைக்கவில்லை. 'எங்களுக்கு ஒன்றுமில்லையா' என்று நடுத்தர வர்க்கம் கேட்டது. 1978இல் வருமான வரம்பு நீக்கப்பட்டது. வசதியுள்ள குடும்பங்களும் சலுகைக் கடனை நாடின, கடன் மளமளவென்று பெருகியது. 1981இல் 30,000 டொலருக்கு மேற்பட்ட வருமானத்தாருக்குத் தேவைப் பரிசோதனை மீண்டும் வந்தது. இதற்கிடையில், 1972இல் ஏழை மாணவருக்கென ஏற்படுத்தப்பட்ட 'பெல்' மானியம் கல்லூரிச் செலவின் வேகத்துக்கு ஓட முடியாமல் பின்தங்கியது. எழுபதுகளில் அரச கல்லூரிச் செலவின் பெரும்பகுதியைத் தாங்கிய மானியம், இன்று மூன்றில் ஒரு பங்களவைத்தான் தாங்குகிறது. மிச்சத்தைக் கடன் நிரப்பியது. வங்குரோத்து அறிவித்தாலும் மாணவர் கடன் இலகுவில் போகாது என்ற இறுக்கம் 1976இல் தொடங்கி 1998இல் முழுமையடைந்தது. இன்று நாலு கோடிக்கும் மேற்பட்டோர் 1.6 டிரில்லியன் டொலர் அளவில் அரசுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

2022 ஓகஸ்டில் ஜனாதிபதி பைடன் அறிவித்த திட்டம் இந்தப் பின்னணியில் வந்ததுதான். தனிநபர் வருமானம் வருடத்துக்கு 125,000 டொலருக்கும், தம்பதியினரது 250,000 டொலருக்கும் குறைவென்றால் 10,000 டொலர் வரை தள்ளுபடி. பெல் மானியம் பெற்றவர்களுக்கு 20,000 வரை. செலவு 400 பில்லியன் டொலரளவில் வரும் என மதிப்பிடப்பட்டது. கல்லூரிப் பக்கமே போகாத உழைப்பாளியின் வரிப்பணத்தில் வக்கீலின் கடனைக் கட்டுவதா என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். நமது ஆசிரியர் கேட்ட அதே லொறி டிரைவர் கேள்விதான். இது லேசான கேள்வியல்ல. வயதுவந்த அமெரிக்கரில் பாதிக்கு மேற்பட்டோர் பட்டதாரிகள் அல்லர்.

ஆனால் ஆளாளுக்கு உள்ள கடனை விரித்துப் பார்த்தால் ஒரு புதினம் தெரிகிறது. பெரிய தொகை கடன்பட்டவர்கள் பெரும்பாலும் மருத்துவர், வழக்கறிஞர் போன்ற மேற்படிப்புக்காரர். தொகை பெரிது, உழைப்பும் பெரிது, ஆகவே கட்டிவிடுகிறார்கள். கட்ட முடியாமல் விழுபவர்களில் கணிசமானோரின் கடன் 10,000 டொலருக்கும் குறைவு. கடன் வாங்கிச் சேர்ந்து, இடையில் படிப்பை விட்டவர்கள் அவர்கள். கையில் பட்டம் இல்லை, தலையில் கடன் இருக்கிறது. கடனின் பாரம் தொகையில் இல்லை, தூக்குகிறவரின் தோளில் இருக்கிறது.

இப்படிப் பார்த்தால், முழுக் கடனையும் எல்லோருக்கும் தள்ளுவது மேற்படிப்புக்காரருக்கே கூடுதலாகப் போய்ச் சேரும். உச்சவரம்பு வைத்த 10,000 டொலரோ, படிப்பை முடிக்காத ஏழையின் கடனை ஒரேயடியாக அழித்துவிடும், மருத்துவரின் கடனை மெல்லத் தொட்டுவிட்டுப் போகும். அதற்குள்ளும் இன்றைய வருமானம் மட்டும் சரியான அளவுகோலல்ல. ஒரே சம்பளம் எடுக்கும் இருவரில் ஒருவருக்கு வாப்பா வீடு வாங்கிக் கொடுக்கிறார். மற்றவர் மாதாமாதம் உம்மாவுக்குக் காசு அனுப்புகிறார். பெல் மானியக்காரருக்கு இரட்டிப்புத் தொகை வைத்தது, பிறந்த வீட்டின் வறுமையையும் கணக்கெடுக்கத்தான்.

2023 ஜூன் 30 அன்று உயர் நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையில் அத்திட்டத்தை நிராகரித்தது. இது நியாயமா என்பதை நீதிமன்றம் தீர்க்கவில்லை. காங்கிரஸின் தெளிவான அனுமதியின்றி இதைச் செய்ய நிர்வாகத்துக்கு அதிகாரமில்லை என்றுதான் சொன்னது. அதே நாட்டில், கொவிட் காலத்தில் வியாபார நிறுவனங்களுக்குக் கொடுத்த 800 பில்லியன் டொலரளவான கடனில் பெரும்பகுதி சத்தமில்லாமல் மன்னிக்கப்பட்டதையும் ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

இனி நமது லொறி டிரைவருக்கு வருவோம். உண்மையில் அவர் ஏற்கனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். கன்னங்கராவின் 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வித் திட்டத்தின் வழியில் அரச பல்கலைக்கழகப் பட்டம் நமக்கு இலவசம். எனது சிறப்புப் பட்டமும் அப்படிக் கிடைத்ததே. அந்தச் செலவை சீனிக்கும் மாவுக்கும் அவர் கட்டும் வரியும் சேர்ந்துதான் தாங்குகிறது. அதை நாம் அநியாயம் என்பதில்லை. ஆனால் நல்ல டியூஷனுக்குப் போய் அனுமதி பெற்ற வசதியான வீட்டுப் பிள்ளை கடனின்றிப் படிக்க, சில புள்ளிகள் தவறிய ஏழைப் பிள்ளை கடன்காரனாகப் படிக்கிறான். கடனை மன்னிப்பதா என்ற கேள்விக்கு முந்தி, யாருக்கு இலவசம், யாருக்குக் கடன் என்று பிரித்த இடத்தைக் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த உம்மாவிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. "தொகையப் பாக்காதீங்க, இன்னும் எத்தின செமஸ்டர் இருக்கெண்டு கேளுங்க. இடையில விட்டாத்தான் கடன் பாரமாகும்" என்று மட்டும் சொன்னேன். மூன்று இருந்தது. போன மாதம் அவன் கடைசிச் செமஸ்டருக்குப் பதிந்துவிட்டு வந்து சொன்னான். கடன் அப்படியே இருக்கிறது. "முடிச்சிட்டுத்தான் டீச்சர் கட்டார்" என்றான்.