நின்ற இருதயத்தின் சான்று

இருதயத் துடிப்பு நின்றவுடன் உயிர் நீங்கியது என்று கொள்வது உலக வழக்கு. துக்கத்துக்குச் சொல்லி அனுப்புவதும் எடுக்கும் நேரம் குறிப்பதும் அக்கணத்தை வைத்தே நடக்கின்றன. ஆயினும் இருதயத் தசையின் உயிரணுக்கள் அக்கணத்தை அறிவதில்லை. குருதி வரவு அற்ற பின்னரும் அவை சிறிது காலம் தம் வேலையைச் செய்ய முயல்கின்றன. மரபணுச் செய்திகள் எழுதப்படுகின்றன, சிதைகின்றன. அச்சிதைவுக்குள் நோயின் சுவடும் இருக்கிறது. சாவின் சுவடும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம் என்பதே இவ்வாராய்ச்சியின் வரலாறு.

இருதயத்துக்கு விதிக்கப்பட்ட நேரக் கெடுவை ஜொகூர் பாரு மக்கள் 2007 அக்டோபரில் அறிந்தனர். இயந்திர இருதயத்தின் துணையால் ஓராண்டளவு உயிர் தரித்திருந்த 14 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்தில் மாற்றிருதயம் பொருத்தப்பட்டது. உடல் அதனை ஏற்கவில்லை. மிக விரைவிலேயே இரண்டாவது இருதயமும் பொருத்தப்பெற்றது. அது ஜொகூர் பாருவில் இறந்த ஓர் இளைஞருடையது. இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு 300 கிலோமீட்டருக்கு மேல். குளிரில் வைத்த இருதயத்துக்கு அறுவை மருத்துவர் வழக்கமாகக் கொள்ளும் கெடுவோ ஏறத்தாழ நான்கு மணி நேரம்.

அந்நேரத்தில் தசைக்குள் அழிவனவற்றுள் ஆர்.என்.ஏ. ஒன்று. அதன் வரலாற்றில் பெரும்பங்கு கொண்ட அறிஞர் ஒருவர் ஜொகூர் நீரிணைக்கு அக்கரையிலேயே, சிங்கப்பூரில், தம் இறுதி நாள்களைக் கழித்தார். அவர் தென்னாப்பிரிக்காவிற் பிறந்த சிட்னி பிரென்னர். சிங்கப்பூரில் மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சி வேரூன்ற வழிகாட்டியவர். 2002-இல் நோபெல் பரிசு பெற்று, 2019 ஏப்ரல் 5-இல் அங்கேயே மறைந்தார்.

புரதத்தை உண்டாக்கும் ரிபோசோம் ஒவ்வொன்றும் தனக்குரிய மரபணுச் செய்தியைத் தன்னிடமே நிலையாக வைத்திருக்கிறது என்று 1950களில் பலர் எண்ணியிருந்தனர். பிரென்னர், பிரான்சுவா ஜாக்கோப், மேத்யூ மெசல்சன் மூவரும் கலிபோர்னியாவில் ஒரு சோதனை செய்தனர். பாக்டீரியாவை வைரஸ் தாக்கியதும், புதிதாகத் தோன்றிய ஆர்.என்.ஏ. பழைய ரிபோசோம்களிலேயே சென்று பொருந்துவதைக் கண்டனர். சோதனை முதலில் மீண்டும் மீண்டும் தோற்றது. மக்னீசியம் போதாமையால் ரிபோசோம்கள் உடைந்துபோயின என்று கண்ட பின்னரே வழி பிறந்தது. 1961-இல் முடிவு வெளியாயிற்று. மரபணு நிலையானது, அதன் தூதாகிய ஆர்.என்.ஏ. குறுகிய வாழ்நாள் உடையது. பாக்டீரியாவில் அவ்வாழ்நாள் சில நிமிடங்கள். மனித உயிரணுக்களில் பெரும்பாலும் சில மணி நேரம். தூது ஏறிச் செல்லும் அந்த ரிபோசோமின் வடிவத்தை அணு அணுவாகக் காட்டி 2009-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள் ஒருவர் சிதம்பரத்திற் பிறந்த வெங்கடராமன் இராமகிருஷ்ணன்.

விரைவில் அழிவது உயிருள்ள உடலுக்கு நன்மை. பழைய கட்டளை அழிந்தாலன்றிப் புதிய கட்டளைக்கு இடமில்லை. ஆராய்வோருக்கோ அதுவே இடர். ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதி உயிரணுவுக்குள்ளும் உண்டு, மனிதன் விரல் நுனி வியர்வையிலும் உண்டு. கொதிநீரிலும் எளிதில் அடங்காது. ஆதலால் தசைத் துண்டை எடுத்தவுடன் உறைய வைப்பர். அல்லது அம்மோனியம் சல்பேட் செறிந்த கரைசலில் இடுவர். தோட்டங்களில் உரமாக இறைக்கப்படும் அதே உப்பு ஆய்வுக்கூடத்தில் மரபணுச் செய்தியைக் காக்கிறது.

நல்ல நிலையிலுள்ள இருதயத்தின் தசையை ஆராய வேண்டுமெனில் உயிரோடிருப்பவர் மார்பைத் திறந்து கேட்க முடியாது. மாற்றுச் சிகிச்சையில் அகற்றப்படும் இருதயம் நோயுற்றது. அதற்கு ஒப்பீடாக, கொடையளித்தும் பொருத்தப்படாது போன இருதயங்களைக் கொள்வர். மூளைச் சாவின்போது உடலில் அட்ரினலின் வெள்ளம்போற் பெருகுவதால் அவ்விருதயங்களின் மரபணு இயக்கமும் கலங்கியே இருக்கும். எஞ்சிய வழி பிரேதத் திசு.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையம் 2010-இல் தொடங்கிய ஜி.டி.இ.எக்ஸ் திட்டம் இவ்வழியை மேற்கொண்டது. குடும்பத்தாரின் இசைவோடு, இறந்தோர் உடலிலிருந்து பல திசுக்கள் எடுக்கப்பட்டன; இருதயத்தின் இடக் கீழறையும் வல மேலறையின் ஒரு பகுதியும் அவற்றுள் அடங்கும். பார்சிலோனா அறிஞர் ரொடெரிக் குய்கோ குழுவினர் 540 பேரின் 36 வகைத் திசுக்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. சாவுக்குப் பிந்திய நேரம் எல்லாத் திசுக்களையும் ஒரே வகையில் தாக்குவதில்லை. மூளையிலும் மண்ணீரலிலும் மாற்றம் குறைவு. எலும்புத் தசையில் மிகுதி. குருதியிலோ பெரும்பாலான மாற்றங்கள் 7 முதல் 14 மணி நேரத்துக்குள் நிகழ்கின்றன. ஆகவே நேரம் சரியாகக் குறிக்கப்பட்டிருந்தால், சாவினால் வந்த மாற்றத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிட இயலும்.

இதற்கு ஓராண்டு முன், எலியிலும் வரிமீனிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மரபணுக்களின் ஆர்.என்.ஏ. இறப்புக்குப் பின் மிகுவதாகப் பீட்டர் நோபிள் குழுவினர் அறிவித்தனர். பிணத்தில் மரபணு விழிக்கிறது என்று இதனைக் கொண்டாடியோர் சற்றுப் பொறுத்திருக்கலாம். குளத்து நீர் வற்றும்போது பாறை வளர்வதில்லை, வளர்ந்ததுபோலத் தோன்றுகிறது. பிற செய்திகள் அழிய, அழியாது நின்றது பெருகியதாகக் கணக்கிற் படலாம். சில மரபணுக்கள் உண்மையிலேயே தூண்டப்படுகின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை. எது எத்துணை என்பதைத் திசுதோறும் அளந்தே சொல்ல வேண்டும்.

அளந்தது யாருடைய இருதயத்தை என்பது இனி எழும் வினா. 2020-இல் வெளியான ஜி.டி.இ.எக்ஸ் தொகுப்பிலுள்ள 838 பேருள் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேர் ஐரோப்பிய வழி அமெரிக்கர். ஆசிய வழியினர் மிகச் சிலர். மாரடைப்பு இளவயதிலேயே தாக்கும் மக்களுள் தெற்காசிய வழியினர் முன்வரிசையில் உள்ளனர் என்பதை மருத்துவர் அறிவர். அவர்தம் இருதயத் தசையின் ஆர்.என்.ஏ. அப்பேரேட்டில் இல்லாததற்கு ஒப்பாகவே இருக்கிறது. அதனைச் சேர்க்க வேண்டுமானால், இறந்த நேரமும் திசு எடுத்த நேரமும் பிழையின்றிக் குறிக்கப்படல் வேண்டும். குடும்பத்தாரிடம் இசைவும் சில மணி நேரத்துக்குள் பெறப்படல் வேண்டும். அச்சில மணி நேரத்தில்தான் பந்தல் போடவும் உறவினருக்குச் சொல்லி அனுப்பவும் ஆள் தேடிக்கொண்டிருப்பர்.