பணம் யாருடையது, கையெழுத்து யாருடையது?

பண்ருட்டிப் பக்கத்துச் சேரியிலிருந்து ஒரு தம்பி பேசினார். பொறியியல் படித்தவர். முந்திரிக்கொட்டையை வாங்கி உடைத்து, தரம் பிரித்து, பாக்கெட் போட்டு இணையத்தில் விற்க ஒரு நிறுவனம் தொடங்கப் போகிறார். முதல் போட ஊரில் ஒருவர் முன்வந்திருக்கிறார். "அண்ணா, 51 சதவீதப் பங்கு என் பேர்ல, 49 அவருக்கு. எஸ்.சி. கம்பெனின்னு காட்டி அரசு நிதியும் வாங்கலாம்னு சொல்றாரு. பேங்க், கணக்கு எல்லாம் அவரே பாத்துக்குறாராம். சரிதானே?"

உடனே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு 130 ஆண்டு வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு அவரே முடிவு செய்வதுதான் சரி என்று பட்டது. அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

தென்னார்க்காட்டுச் சேரிகளுக்குப் பணம் கொடுக்க அந்தக் காலத்திலும் ஆள் இருந்தார்கள். மகனுக்குக் கல்யாணம் என்றால் மிராசுதார் முன்பணம் கொடுப்பார். அந்தப் பணத்துக்கு ஈடாக அவர் கேட்டது நிலமோ நகையோ அல்ல, ஆளை. வாங்கியவர் படியாள் ஆனார். கடன் தீராமல் அவர் இறந்தால் மகன் படியாள் ஆனான். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது. ஆக, நமக்குப் பணம் கிடைக்கவே இல்லை என்பதல்ல நம் கதை. கிடைத்த பணத்தின் நிபந்தனையை மறுக்கிற இடத்தில் நாம் இல்லை என்பதுதான் கதை.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்கீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். நிபந்தனையும் நல்ல நிபந்தனை: 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்க வேண்டும்.

அப்படியும் நிலம் ஏன் கைமாறியது? நிலம் கொடுத்த அரசு விதைக்கும் மாட்டுக்கும் ஏருக்கும் காசு கொடுக்கவில்லை. அதற்கு மறுபடியும் அதே ஆண்டையிடம்தான் போய் நிற்க வேண்டியிருந்தது. பல ஊர்களில் பட்டா நம் தாத்தன் பெயரில், விளைச்சல் வேறொருவர் களத்தில். மற்ற இடங்களில் பட்டாவும் போனது. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டுக் காரணையில் தொடங்கிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிரிழந்தார்கள். ஒரு முதலை இழப்பது எளிது. மீட்க என்ன விலை என்பதற்கு அவர்களே சாட்சி.

நல்ல முதலீட்டுக்கும் நம் வரலாற்றில் சான்று உண்டு. 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியபோது அவர் போட்டது 10 ரூபாய். நான்கு பக்கம், விலை இரண்டு அணா. சென்னையில் இரண்டே நாளில் 400 பிரதிகள் விற்றன. யாரிடமும் பங்கு கொடுக்காமல் முதலில் வாசகரைக் கண்டுபிடித்தார். சொந்த அச்சுக்கூடம் அதற்குப் பிறகுதான் வந்தது.

1920 ஜனவரியில் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்தார். அவர் யார் என்று பாருங்கள். 1902லேயே தன் அரசில் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு கொடுத்தவர். பணம் கொடுப்பதற்கு 18 ஆண்டு முன்பே தான் யார் என்று செயலில் காட்டியவர்.

அவர் அரண்மனை லாயத்தில் வேலை பார்த்த கங்காராம் காம்ப்ளே, தண்ணீரைத் தொட்டதற்காக அடிவாங்கியவர். அவர் தேநீர்க்கடை வைக்க சாகு மகராஜ் பணம் கொடுத்தார். சாதி இந்துக்கள் அந்தக் கடையில் குடிப்பார்களா? அதனால் மன்னரே வண்டியை நிறுத்தி, அங்கே தேநீர் வாங்கிக் குடித்தார். கூட வந்தவர்களையும் குடிக்க வைத்தார். முதலோடு சந்தையையும் கொண்டுவந்தார். கடையை நடத்தியவர் காம்ப்ளேதான்.

இப்போது அரசும் முதலீட்டாளராக வந்திருக்கிறது. தாட்கோ 1974இல் தொடங்கப்பட்டது. பட்டியலினத்தவருக்கான துணிகர முதலீட்டு நிதியை 2015 ஜனவரியில் ஒன்றிய அரசு தொடங்கியது. தமிழ்நாடு அரசு பட்டியலின, பழங்குடியினரின் புத்தொழில்களில் பங்கு முதலீடு செய்ய 2022-23இல் 30 கோடி ரூபாய் அறிவித்து, அடுத்த ஆண்டு 50 கோடியாக்கியது. இது சலுகை அல்ல. நீண்ட போராட்டத்தின் பலன்.

இந்த நிதிகள் வந்த பிறகுதான் "பேர் உன்னோடது, பணம் என்னோடது" என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். நிதி வாங்க நம் சாதிச் சான்றிதழ் வேண்டும். நடத்துவதற்கு நாம் வேண்டாம். பஞ்சமி நிலத்தின் பட்டா கதை பங்குப் பத்திரத்தில் திரும்புகிறது. பினாமிச் சட்டத்தின்படி பணம் போட்டவருக்கு மட்டுமல்ல, பெயர் கொடுத்தவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

51 சதவீதம் என்பதாலேயே கம்பெனி உங்களுடையது ஆகிவிடாது. நிறுவன விதிகளை மாற்றுவது போன்ற பெரிய முடிவுகளுக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். 49 வைத்திருப்பவர் அதைத் தடுக்க முடியும். வங்கிக் கணக்கில் கையெழுத்தும் அவருடையது என்றால் உங்களிடம் மிச்சம் என்ன?

முந்திரித் தொழிலுக்கு இன்னொன்றும் உண்டு. கொட்டை வரத்து கோடையில் சில மாதம்தான். ஆண்டு முழுக்க உடைக்க வேண்டியதை அப்போதே வாங்கிப் போட வேண்டும். மெஷினுக்கு மட்டும் பணம் வாங்கி, கொட்டைக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் பருப்பின் விலையை அவர்தான் சொல்வார். நிலம் கிடைத்து விதை கிடைக்காத 1892தான் அது. எனவே இரண்டுக்கும் சேர்த்தே நிதி கேளுங்கள்.

பணம் தருகிறேன் என்பவரை விசாரிப்பது மரியாதைக் குறைவு அல்ல. அவர் வேறு எந்தக் கம்பெனிகளில் இயக்குநர் என்பதை கம்பெனி விவகாரத் துறையின் தளத்தில் பார்க்கலாம். வழக்குகளை இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடலாம். அவர் முன்பு பணம் போட்ட இரண்டு பேரிடம் பேசுங்கள். அதில் ஒருவர் தொழில் நொடித்தவராக இருக்கட்டும். நஷ்டம் வந்த நாளில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தை உங்கள் வழக்கறிஞர் படிக்கட்டும். அவருடைய வழக்கறிஞர் போதாது. வெற்றுக் காசோலையிலும் எழுதாத பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். அப்பாவின் வீட்டுமனையை ஈடாகக் கேட்டால் அது முதலீடு அல்ல, கடன். முதலீட்டாளர் நஷ்டத்திலும் பங்குதாரர்.

அந்தத் தம்பியிடம் கடைசியாக ஒன்று சொன்னேன்: "உங்க சேரியிலயே எத்தனையோ அக்காமார் கொட்டை உடைச்சுக் கை வெந்து கிடக்காங்க. அவங்களுக்குத் தெரியாத தரம் எது? முதல் 100 கிலோவை அவங்களோட சேர்ந்து உடைச்சு வித்துப் பாருங்க. அந்தக் கணக்கோட போய் முதலீடு கேளுங்க."

யோசித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு வாரம் கழித்துப் பேசினார். வங்கிக் கையெழுத்தும் கணக்கும் தன்னிடமே இருக்க வேண்டும் என்று ஊர்க்காரரிடம் கேட்டாராம். அதன் பிறகு அவர் போன் எடுப்பதில்லையாம். பதில் கிடைத்துவிட்டது.

ஜெய் பீம்.