இல்லக் கணினிப் பாதுகாப்பு: கூலிம் வட்டாரம்

கூலிம், மலேசியாவின் கெடா மாநிலத் தெற்கில் பினாங்கு எல்லையை ஒட்டி அமைந்த நகரம். ரப்பர், செம்பனைத் தோட்டங்களும், 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவும் இங்கே அருகருகே உள்ளன. தோட்டங்களை விட்டு லூனாஸ், பாடாங் செராய், கூலிம் தாமான்களில் (குடியிருப்புகளில்) குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இப்பூங்காவின் ஆலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஆலைக் கணினிகளைக் கவனிக்கத் தனிப் பிரிவு உண்டு. எந்தப் பென்டிரைவைச் செருகலாம், எந்த மென்பொருளை ஏற்றலாம் என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்யும். அதே ஊழியரின் வீட்டில் பிள்ளைகள் பாடம் படிப்பதும், அப்பா வங்கிக் கணக்கைப் பார்ப்பதும், குடும்பத்தின் பதினைந்து வருடப் புகைப்படங்கள் கிடப்பதும் ஒரே மடிக்கணினியில்தான். அதற்குப் பொறுப்பாளர் என்று யாரும் கிடையாது. வீட்டுக் கணினிப் பாதுகாப்பைப் பற்றிப் பேச வேண்டியிருப்பது இந்தக் குறையால்தான்.

பின்னணி

ஐபிஎம் வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் நச்சுநிரலான ‘பிரெய்ன்’ 1986இல் லாகூரில் எழுதப்பட்டது. நெகிழ்வட்டு வழியாகப் பரவியது. 2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ மின்னஞ்சலில் பரவியது. 2008இல் தோன்றிய ‘கான்ஃபிக்கர்’ வலையமைப்பிலும் பென்டிரைவிலும் தாவியது. மலேசியாவில் இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் மைசெர்ட் 1997இல் அமைந்தது. இன்று அது சைபர்செக்யூரிட்டி மலேசியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. அதன் ‘சைபர்999’ சேவையில் பொதுமக்களும் புகார் செய்து உதவி கேட்கலாம்.

பென்டிரைவ்

பள்ளி ஃபோலியோவை அச்சிட மாணவர்கள் பென்டிரைவை நகரத்து போட்டோஸ்டேட் கடைக்குக் கொண்டுபோகிறார்கள். கடைக் கணினியில் ஒரு நாளைக்கு எத்தனையோ பேருடைய பென்டிரைவ்கள் ஏறி இறங்குகின்றன. வீட்டுக்கு வந்து திறந்தால் கோப்புறைகளெல்லாம் குறுக்குவழிகளாக மாறியிருக்கும். ஒவ்வொன்றின் அளவும் ஓரிரு கிலோபைட்தான். ஆனால் பென்டிரைவின் பண்புகளைப் பார்த்தால் இடம் முன்போலவே நிரம்பியிருக்கும். கோப்புகள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன என்பதற்கு அதுவே சான்று. அந்தக் குறுக்குவழியைச் சொடுக்கினால் முதலில் நச்சுநிரல் ஓடும், பிறகு உண்மையான கோப்புறை திறக்கும். பயனருக்கு எதுவும் தவறாகத் தெரியாது. கணினி அப்போதே தொற்றிக்கொண்டிருக்கும்.

இதைச் சரிசெய்யக் குறுக்குவழியைத் தொடாமல் முதலில் பென்டிரைவை வருட (ஸ்கேன்) வேண்டும். அடுத்து, கோப்புறை விருப்பங்களில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, ‘பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறை’ என்ற குறியையும் எடுத்துவிட வேண்டும். கோப்புறைகளுக்கு நச்சுநிரல் ‘மறைந்தது’, ‘இயங்குதளத்துக்குரியது’ என்ற இரண்டு அடையாளங்களையும் இடுவதால், முதல் மாற்றம் மட்டும் போதாது. மங்கலாகத் தெரியும் கோப்புறைகளிலிருந்து ஆவணங்களையும் படங்களையும் மட்டும் பிரதியெடுத்துக்கொண்டு, பென்டிரைவை ஃபார்மேட் செய்து, குறியை மறுபடி இட்டுவிடலாம். இனி அச்சுக்குக் கொடுப்பதைப் பிடிஎஃப் ஆக்கி, வேறெதுவும் இல்லாத ஒரு பென்டிரைவில் கொண்டுபோவது நல்லது.

2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ் பதிப்புகளுக்கு விட்ட புதுப்பிப்பு, பென்டிரைவ் செருகியதும் நிரல் தானாக ஓடும் வசதியை முடக்கியது. அதற்குப் பிறகு நச்சுநிரலுக்கு மனிதரின் ஒரு சொடுக்கு தேவைப்பட்டது. மேலே சொன்ன குறுக்குவழித் தந்திரம் அந்தச் சொடுக்கை வாங்கத்தான்.

தடுப்பு மென்பொருளில் வரும் கோளாறுகள்

‘புதுப்பிக்க முடியவில்லை’ என்ற செய்தி வந்தால் பலர் மென்பொருளையே நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுகிறார்கள். அதற்கு முன் திரையின் மூலையில் தேதியைப் பார்க்க வேண்டும். கூலிம் பக்கம் மாலையில் இடி மின்னல் என்றால் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கி வைப்பது வழக்கம். அது சரியான வழக்கமும்கூட. ஆனால் மின்சாரம் இல்லாத நேரமெல்லாம் கணினியின் கடிகாரம் தாய்ப்பலகையில் உள்ள காசு அளவு பேட்டரியில்தான் ஓடுகிறது. பழைய மேசைக் கணினிகளில் அது தீர்ந்துபோனால் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். இணையத் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் தேதியை ஒப்பிட்டே சரிபார்க்கப்படுவதால், புதுப்பிப்புச் சர்வரை உங்கள் கணினி நம்ப மறுக்கும். உலாவியிலும் வங்கித் தளம் திறக்காது. பெரும்பாலான மேசைக் கணினிகளில் இருப்பது சிஆர்2032 வகைப் பேட்டரி. சில வெள்ளியில் தீர வேண்டிய இந்தப் பழுதுக்கு ‘வைரஸ்’ என்று பெயர் சூட்டி முழுக் கணினியையும் ஃபார்மேட் செய்வது அநியாயம்.

கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் தோட்ட வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. டேட்டாவை மிச்சப்படுத்த அந்த இணைப்பை ‘மீட்டர் இணைப்பு’ என்று குறித்திருந்தால் விண்டோஸ் புதுப்பிப்புகள் பல தானாக இறங்காது. அப்படிப்பட்டவர்கள் நூலகத்திலோ உறவினர் வீட்டிலோ வைஃபை கிடைக்கும்போது கையால் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

கணினி ஆமையாக நகர்ந்தால் இரண்டு தடுப்பு மென்பொருள்கள் ஒன்றாக ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கோப்பையும் இரண்டும் திறந்து பார்க்கும், ஒன்றின் வேலையை மற்றொன்று சந்தேகிக்கும். கடையில் வாங்கும்போதே ஏற்றப்பட்டு வரும் சோதனைப் பதிப்பு காலம் முடிந்த பிறகும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அதைச் சாதாரணமாக நீக்கினால் எச்சங்கள் தங்கிவிடுவதுண்டு. அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை ஓட்டி, கணினியை மறுபடி தொடக்கினால் விண்டோஸோடு வரும் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டர் பொதுவாகத் தானே எழுந்துகொள்ளும். இத்தனைக்குப் பிறகும் வேகம் வராவிட்டால் பழைய ஹார்ட் டிஸ்கை மாற்றி எஸ்எஸ்டி போடுவதுதான் வழி.

‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்’ என்று திரையின் ஓரத்தில் திரும்பத் திரும்ப எழும் எச்சரிக்கை பெரும்பாலும் தடுப்பு மென்பொருளிலிருந்து வருவதே இல்லை. எப்போதோ ஒரு திரைப்படத் தளத்தில் ‘அனுமதி’யைச் சொடுக்கியதன் விளைவு அது. உலாவி அமைப்பில் அறிவிப்புகள் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் நின்றுவிடும். அதில் காட்டப்படும் தொலைபேசி எண்ணை ஒருபோதும் அழைக்கக் கூடாது.

தடுப்பு மென்பொருளே தவறுவதும் உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பொன்றை நச்சுநிரலாகக் கருதி அகற்றியதால் உலகெங்கும் கணினிகள் மறுபடி மறுபடி அணைந்து எழுந்தன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பழுதான புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கருவிகளை முடக்கியது. தடுப்பு மென்பொருள் நல்ல கோப்பையும் நச்சுநிரலாகக் கருதிவிடலாம் என்பதைத் தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கூடுதலாக அறிந்திருக்க வேண்டும். விசையழுத்தங்களை இடைமறித்து மாற்றும் எந்த மென்பொருளும், கடவுச்சொல் திருடும் நிரலைப் போலத் தோன்ற வாய்ப்புண்டு. அப்படித் தனிமைப்படுத்தப்பட்ட கோப்பை உடனே மீட்க வேண்டாம். எழுதியவரின் தளத்திலிருந்தே புதிதாக இறக்கி, கூகுளுக்குச் சொந்தமான வைரஸ்டோட்டலில் ஏற்றிப் பார்க்கலாம். பல நிறுவனங்களின் சோதனை முடிவுகள் ஒரே பக்கத்தில் வரும். விண்டோஸ் 10இன் மே 2019 பதிப்பிலிருந்து தமிழ்99 விசைப்பலகை இயங்குதளத்திலேயே இருப்பதால், பலருக்குத் தனி மென்பொருளே தேவைப்படாது.

அழித்த நச்சுநிரல் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தால், டிஃபெண்டரின் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ வசதி விண்டோஸ் எழுவதற்கு முன்பே வருடிப் பார்க்கும். ஃபார்மேட் கடைசி வழி, அதுவும் படங்களைப் பிரதியெடுத்த பிறகு.

எதைத் தேர்வது

மைக்ரோசாஃப்டின் இலவசத் தடுப்பு மென்பொருள் 2009இல் தனியாக வந்தது. 2012இல் விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற பெயரில் இயங்குதளத்தோடு இணைந்தது. தொடக்கத்தில் சோதனைகளில் அது பின்தங்கியே இருந்தது. அண்மை ஆண்டுகளில் ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் சோதனைகளில் பல முறை முழு மதிப்பெண் பெற்றிருக்கிறது. கட்டண மென்பொருள்களில் ஸ்லோவாக்கியாவின் ஈசெட், ருமேனியாவின் பிட்டிஃபெண்டர், 1991இல் கேசவர்த்தனன் சென்னையில் தொடங்கிய கே7 போன்றவை உண்டு. இலவசம் என்பதாலேயே நம்பிவிடவும் கூடாது. பயனர்களின் உலாவல் தகவல்களை விற்றதற்காக அவாஸ்ட் நிறுவனம் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2024இல் உத்தரவிட்டது.

கூலிம் வட்டாரத்துச் சாதாரணக் குடும்பத்துக்கு டிஃபெண்டரே போதும். ஆண்டுச் சந்தாவுக்குப் போகும் பணத்தில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, படங்களையும் சான்றிதழ்களையும் அதில் பிரதியெடுத்து, கணினியிலிருந்து கழற்றி வைப்பது கூடுதல் பாதுகாப்பு. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரலிடமிருந்து தப்புவது கழற்றி வைத்த பிரதிதான். வீட்டிலிருந்தே வியாபாரக் கணக்கு பார்ப்பவர்கள், பல கருவிகளை ஒருவரே மேற்பார்வை செய்ய வேண்டியவர்கள் கட்டண மென்பொருள் வாங்கலாம். வாங்கும்போது இரண்டாம் ஆண்டு விலையையும், சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ‘கிராக்’ செய்த மென்பொருள் வேண்டவே வேண்டாம். ஏற்றுவதற்கு முன் தடுப்பை அணைக்கச் சொல்லும் எதுவும் நம்பத் தகாதது.

தடுப்பு மென்பொருளைவிட இயங்குதளப் புதுப்பிப்பு முக்கியம். 2017 மே 12 அன்று பரவிய ‘வானாக்ரை’ பயன்படுத்திய ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14ஆம் தேதியே அடைத்துவிட்டது. பாதிக்கப்பட்டவை அந்த இரண்டு மாதங்களில் புதுப்பிக்கப்படாத கணினிகள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிஃபெண்டரின் நச்சுநிரல் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தாலும், நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கணினிகளில் புதிய ஓட்டைகள் அடைபடாது. அத்தகைய கணினியில் வங்கி வேலை பார்க்க வேண்டாம்.

கைப்பேசி

வீட்டுப் பாதுகாப்பில் இன்று பெரிய ஓட்டை கைப்பேசிதான். வீடு சுத்தம் செய்யும் சேவை என்று முகநூலில் மலிவு விலை விளம்பரம் தந்து, இணைப்பை அனுப்பி, செயலி ஒன்றை நேரடியாக ஏற்றச் சொல்லும் மோசடி மலேசியாவில் பலரது சேமிப்பைக் கரைத்தது. வங்கிப் பரிவர்த்தனையை உறுதிசெய்யக் குறுஞ்செய்தியில் வரும் டிஏசி எண்ணை அச்செயலி படித்துவிடும். 2022 செப்டம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறுமாறு வங்கிகளுக்கு அறிவித்தது இதுபோன்ற மோசடிகளால்தான். செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும் ஏற்றுங்கள். பணம் போய்விட்டது தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கிக்கோ, 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கோ அழையுங்கள். பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குக் கைமாறும் முன் தடுத்தால்தான் திரும்பக் கிடைக்க வழியுண்டு.