நற்கடைப்பிடி கற்பித்தோர் வரலாறு

பிழைப்பு நாடிப் பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்தவர் நாம். தருமபுரியிலிருந்தும் கிருட்டினகிரியிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் வந்து, ஓசூர்ச் சாலையை ஒட்டிய இந்த ஹெப்பகோடியில் குடியமர்ந்து, பொம்மசந்திரத் தொழிற்பேட்டையிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் உழைத்து வருகிறோம். இரவு ஷிப்டு முடிந்து பகலில் உறங்க முயல்வாரும், கணினித் திரையை நோக்கியே கண் அயர்வாரும் நம்மிடையே பலர். ஊதியம் உயர்ந்தது, உறக்கம் குறைந்தது. இந்நிலையில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்னும் பயிற்சி அலுவலகங்கள் தோறும் பேசப்படுவதில் வியப்பில்லை. அதனைக் கற்றுக்கொள்வதோடு அமையாமல், கற்பிக்கும் ஆசிரியராகவே ஆகிவிடலாம் என்று நம் இளைஞர் சிலர் எண்ணுகின்றனர். சில நாட்களில் சான்றிதழ் தருவதாக விளம்பரங்களும் அழைக்கின்றன.

இக்கலையைக் கற்பிக்கத் தக்கவர் யார்? அவர் எவ்வாறு உருவாகிறார்? இவ்வினாக்களுக்கு விடை பகரும் வரலாறு ஒன்று உண்டு. அவ்வரலாற்றில் தமிழர்க்கு உள்ள பங்கினைத் தமிழரே மறந்திருக்கின்றோம். அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

சொல்லின் பிறப்பு

பாலி மொழியில் 'சதி' என்றொரு சொல் உண்டு. நினைவு என்பது அதன் முதற்பொருள். புத்தர் வகுத்த எண்வகை வழியுள் ஏழாவது 'சம்மா சதி'. ரைஸ் டேவிட்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1881-இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பில் இதனை 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று வழங்கினார். இன்று உலகெங்கும் ஒலிக்கும் சொல் இதுவே.

தமிழில் இதற்குச் சொல் இல்லையோ எனின், அழகிய சொல்லே உண்டு. 'நற்கடைப்பிடி' என்பது அது. கடைப்பிடி என்பதற்குக் கொண்ட பொருளை மறவாதிருத்தல் என்று பண்டை உரையாசிரியர் பொருள் கண்டனர். 'சதி'யின் உட்பொருளும் அதுவேயன்றோ? வெளிநாட்டுச் சரக்கு என்று நாம் எண்ணுவது, நம் முன்னோர் பெயரிட்டு வழங்கிய பொருளே.

காவிரிக் கரையும் காஞ்சியும்

கி.பி. 5-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்து மகாவிகாரையில் அமர்ந்து 'விசுத்திமக்கம்' என்னும் பெருநூலை இயற்றியவர் புத்தகோசர். அவர் பிறந்த நாடு யாது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் காஞ்சிபுரத்திலும் மயூரப்பட்டினத்திலும் தேரர்களோடு தாம் தங்கியிருந்ததை அவர் தம் உரைநூல்களின் இறுதியில் குறித்திருக்கின்றார். அவர் காலத்தவராகச் சொல்லப்படும் புத்ததத்தரோ ஐயத்திற்கு இடமின்றிச் சோழ நாட்டவர். உறையூர் எனக் கருதப்படும் உரகபுரத்தில் பிறந்து, காவிரிப்பூம்பட்டினத்திலும் பூதமங்கலத்திலும் இருந்த விகாரைகளில் தங்கி நூல்கள் இயற்றினார். களப்பிர மன்னன் அச்சுதன் ஆட்சியில் தாம் எழுதியதாக அவரே குறிக்கின்றார். பின்னாளில் தருமபாலர் என்னும் தென்னாட்டுத் தேரர் விசுத்திமக்கத்திற்கு விரிவுரை கண்டதாக மரபு கூறும். அபிதம்மத்தைச் சுருக்கித் தந்த 'அபிதம்மத்த சங்கக'த்தின் ஆசிரியர் அனுருத்தரையும் காஞ்சிப் பகுதியினராகவே கருதுவர்.

விசுத்திமக்கம் ஆசிரியரைப் பற்றி என்ன சொல்கிறது என்பதே நமக்கு வேண்டுவது. தியானத்திற்குரிய பொருள்கள் 40 என அந்நூல் வகுக்கின்றது. அவை அனைத்தும் அனைவர்க்கும் ஏற்றவை அல்ல. மாந்தர் இயல்பு ஆறு வகைப்படும்: ஆசை மிக்கவர், சினம் மிக்கவர், மயக்கம் மிக்கவர், நம்பிக்கை மிக்கவர், அறிவு மிக்கவர், எண்ணங்களிலே அலைபவர். சினம் மிக்கவனுக்கு அன்பைப் பெருக்கும் பயிற்சி உரியது. எண்ணங்களில் அலைபவனுக்கு மூச்சினை நோக்கும் பயிற்சி உரியது. மாணவன் நடக்கும் நடையையும், உண்ணும் முறையையும், வேலை செய்யும் பாங்கையும் கண்டு அவன் இயல்பினை உணர்ந்த பின்னரே ஆசிரியர் அவனுக்குரிய பொருளை அளிப்பார். அவ்வாசிரியரை 'நல்ல நண்பர்' என்னும் பொருள்படும் 'கலியாணமித்தர்' என்ற பெயரால் அந்நூல் அழைக்கின்றது. நோயாளியின் நாடி அறியாது மருந்து தருபவன் எவ்வாறு மருத்துவன் ஆகான் என்கிறோமோ, அவ்வாறே மாணவனை அறியாது பயிற்சி தருபவனும் ஆசிரியன் ஆகான் என்பது இதனால் விளங்கும்.

கோலார்த் தமிழர்

நூற்றாண்டுகள் உருண்டோடின. தமிழகத்தில் பௌத்தம் மங்கியது. 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று, சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் கிளைகள் செழித்த இடங்களுள் தலையாயது, நமக்கு அண்மையிலுள்ள கோலார் தங்கவயல் ஆகும். வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து சென்று, நிலத்தின் அடியில் இறங்கிப் பொன் வெட்டிய தமிழ்த் தொழிலாளர், மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சங்கம் கூட்டினர். பண்டிதர் 1907 முதல் நடத்திய 'தமிழன்' இதழை வாங்கிப் படித்தனர். 1914-இல் அவர் மறைந்த பின் அவருடைய எழுத்துக்களைத் தங்கவயலிலேயே நூலாக்கி வெளியிட்டனர்.

இவர்கள் கற்பித்தது தியான முறையைக் காட்டிலும் ஒழுக்கமும் சமத்துவமுமே. எனினும், பகலெல்லாம் சுரங்கத்தில் உழைத்த மாந்தர், கற்றதைத் தாமே பிறர்க்கு ஓதும் ஆசிரியராக உயர்ந்தனர் என்பதை நாம் மறத்தல் ஆகாது. சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. அங்கிருந்து பெங்களூருக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் பல. இந்நகரின் காந்தி நகரில் ஆசாரிய புத்தரக்கித தேரர் 1956-இல் நிறுவிய மகாபோதி சங்கம் இன்றும் தியானமும் தருமமும் கற்பித்து வருகின்றது.

பர்மா தந்த பாடம்

தியான முறையை இல்லறத்தார்க்குத் திறந்துவிட்ட பெருமை பர்மாவுக்கு உரியது. 1885-இல் ஆங்கிலேயர் பர்மிய அரசைக் கவர்ந்தனர். அரசு வீழ்ந்தால் அறமும் வீழுமே என்று அஞ்சிய லெடி சயாதோ (1846–1923), துறவிகள் மட்டுமே கற்று வந்த அபிதம்மத்தையும் தியானத்தையும் பொதுமக்களிடம் கொண்டு சென்றார். அவர் விரிவாக ஆராய்ந்து உரை எழுதிய நூல்களுள் ஒன்று, காஞ்சியோடு தொடர்புடையதாக நாம் மேலே கண்ட அனுருத்தரின் நூலே ஆகும்.

லெடியாரின் மாணவர் சயா தெட்ஜி (1873–1945) ஓர் உழவர்; அரிசி ஆலையிலும் வேலை பார்த்தவர். 1903-இல் பரவிய வாந்திபேதியில் தம் மக்களைப் பறிகொடுத்துத் துயரத்தோடு ஆசிரியரைத் தேடிப் புறப்பட்டார். பல ஆண்டுகள் பயின்ற பிறகே, லெடியாரின் ஒப்புதலோடு கற்பிக்கத் தொடங்கினார். அவரிடம் 1937-இல் பயின்றவர் ஊ பா கின் (1899–1971). கணக்கு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 1948-இல் பர்மா விடுதலை பெற்ற நாளில் தலைமைக் கணக்காயராக உயர்ந்தவர் அவர். உயர்பதவியில் இருந்துகொண்டே ரங்கூனில் 1952-இல் தியான நிலையம் அமைத்தார்.

அவரிடம் 1955-இல் வந்தவர் சத்திய நாராயண கோயங்கா (1924–2013). இராசபுதனத்திலிருந்து வணிகத்தின் பொருட்டுப் பர்மா சென்ற குடும்பத்தில் மாந்தளையில் பிறந்தவர்; நம்மைப் போலவே குடிபெயர்ந்தோர் வழிவந்தவர். தீராத ஒற்றைத் தலைவலி நீங்கவே அவர் வந்தார். உடல் நோய் தீர்ப்பதற்காக மட்டும் இப்பயிற்சி இல்லை என்று கூறி ஆசிரியர் முதலில் மறுத்துவிட்டார். பின் ஏற்றுக்கொள்ளப்பட்ட கோயங்கா 14 ஆண்டுகள் பயின்றார். 1969-இல்தான் கற்பிக்கும் உரிமை பெற்று இந்தியா திரும்பினார். அவ்வாண்டு சூலையில் பம்பாயில் முதல் முகாம் நடைபெற்றது. சென்னையிலும் விரைவிலேயே நடைபெற்றது. இன்று பெங்களூருக்கு அருகில் ஆலூரிலும், சென்னைக்கு அருகில் திருமுடிவாக்கத்திலும் அம்மரபின் நிலையங்கள் உள்ளன. பத்து நாள் முகாமுக்குக் கட்டணம் இல்லை. பயன் கண்டவர் விரும்பித் தரும் கொடையே செலவுக்கு ஆகின்றது. துணை ஆசிரியர் ஆவோர் பல முகாம்களில் அமர்ந்தும், பிறர் அமரும் முகாம்களில் சமையலறை முதலியவற்றில் தொண்டு செய்தும், நீண்ட முகாம்களில் பயின்றும் வந்தவர்களே. அவர்க்கு ஊதியம் இல்லை.

மேலைநாட்டார் வகுத்த முறை

1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-சின் என்னும் உயிரியல் அறிஞர், தீரா வலியால் துன்புற்ற நோயாளிகளுக்கெனப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். சமயச் சடங்கை நீக்கிப் பயிற்சியை மட்டும் கொண்டார். பின்னர் இங்கிலாந்திலும் கனடாவிலும் இருந்த உளவியலார், மனச்சோர்வு மீண்டும் வாராமல் காக்க அதனை மாற்றி அமைத்தனர். அவர்கள் நூல் 2002-இல் வெளிவந்தது.

ஆசிரியரை உருவாக்குவதில் மேலைநாட்டாரும் விரைவை விரும்பவில்லை என்பது கருதத்தக்கது. பிரிட்டனில் வகுக்கப்பட்ட நெறிகளின்படி, கற்பிக்க விழைவோர் முதலில் தாமே 8 வாரப் பயிற்சியை மாணவராக இருந்து முடித்தல் வேண்டும். நாள்தோறும் பயிலுதல் வேண்டும். மௌன முகாம்களில் அமர்தல் வேண்டும். ஓராண்டுக்குக் குறையாத ஆசிரியப் பயிற்சி பெறுதல் வேண்டும். கற்பிக்கத் தொடங்கிய பின்னும் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் இருத்தல் வேண்டும். ஆசிரியரை மதிப்பிடுவதற்கென அங்குள்ள பல்கலைக்கழகத்தார் ஆறு கூறுகளை வகுத்துள்ளனர். கற்பிப்பதைத் தம் நடத்தையிலே காட்டுகின்றாரா என்பது அவற்றுள் ஒன்று. பதினைந்து நூற்றாண்டுக்கு முன் விசுத்திமக்கம் கூறியதற்கும் இதற்கும் வேற்றுமை பெரிதன்று.

நாம் செய்யத்தக்கது

வரலாறு காட்டும் உண்மை ஒன்றே. சுரங்கத் தொழிலாளியும் உழவரும் எழுத்தரும் வணிகரும் இத்துறைகளில் ஆசிரியராக உயர்ந்தனர். ஆதலால் இது எக்குலத்தார்க்கும் எத்தொழிலார்க்கும் திறந்த வாயில். ஆனால் குறுக்கு வழியில் நுழையும் வாயில் அன்று.

ஆகவே, பயிற்சி நாடிச் செல்லும் நம் குடும்பத்தார் ஆசிரியரிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை சில உண்டு. ஐயா, தாங்கள் யாரிடம் பயின்றீர்கள்? எத்தனை ஆண்டுகள்? இன்றும் நாள்தோறும் பயில்கின்றீர்களா? தங்கள் பிழையைத் திருத்த மூத்தவர் எவரேனும் இருக்கின்றாரா? பயில்பவர்க்கு அச்சமோ கலக்கமோ மிகுந்தால் என்ன செய்வீர்கள்? இவற்றுள் இறுதி வினா மிகவும் இன்றியமையாதது. கண்ணை மூடி அமர்ந்த சிலருக்குப் பழைய துயரங்கள் பொங்கி எழுவதுண்டு. கடும் மனநோய்க்கு ஆளானவர் மருத்துவர் ஒப்புதலின்றி நீண்ட முகாம்களுக்குச் செல்லலாகாது. அத்தகையோரை அனுப்ப வேண்டிய இடம் நாம் குடியிருக்கும் இந்த ஓசூர்ச் சாலையிலேயே உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனை. அதனை அறிந்து அனுப்புபவரே பொறுப்புள்ள ஆசிரியர்.

ஆசிரியராக விழையும் இளைஞர்க்கும் ஒரு சொல். நம் ஊர்த் தொழிலாளிக்குத் தமிழிலும், அண்டை வீட்டாருக்குக் கன்னடத்திலும் இக்கலையைச் சொல்லித்தர ஆட்கள் வேண்டும். ஆங்கிலம் அறிந்தவர்க்கும் பணம் படைத்தவர்க்கும் மட்டுமே மன அமைதி என்றாகிவிடலாகாது. அப்பணிக்கு நீங்கள் வருவீர்களாயின் மகிழ்வோம். ஆனால் முதலில் மாணவராகுங்கள். பல்லாண்டு மாணவராகவே இருங்கள். கற்பிக்கும் தகுதி உமக்கு வந்ததென்று நீங்கள் சொல்ல வேண்டா. உம்மை அறிந்த ஆசிரியர் சொல்லட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!