பிரிவு இல்லாத குற்றம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துப் பட்டுச் சேலைகள் சென்னைக்குப் போகும் சாலையில்தான் ஸ்ரீபெரும்புதூர் இருக்கிறது. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி அங்கே கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 41 பேர். 12 பேர் முன்பே இறந்துபோனார்கள். விடுதலைப் புலிகளின் பிரபாகரன், பொட்டு அம்மான், அகிலா மூவரும் பிடிபடவில்லை. மிச்சம் 26 பேர்தான் பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில் நின்றார்கள்.

பிரபாகரனை ஒப்படைக்கச் சொல்லி 1995இல் இந்தியா இலங்கையிடம் முறைப்படி கேட்டது. ஆள் வரவில்லை. ஆனாலும் கேட்பதற்குக் கொலை, சதி என்று கையில் பிரிவுகள் இருந்தன.

இனப்படுகொலைக்கு அப்படியொரு பிரிவு நம் சட்டத்தில் இன்றுவரை கிடையாது. இத்தனைக்கும் அதைக் குற்றமாக்கச் சொல்லி 1946இல் ஐ.நா. பொதுச்சபையில் கோரிய மூன்று நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மற்றவை கியூபாவும் பனாமாவும். 1948இல் ஒப்பந்தம் பிறந்தது. கொன்றவர் மட்டுமல்ல, சதி செய்தவர், தூண்டியவர், உடந்தையாக இருந்தவர், முயன்று முடியாமல் போனவர் எல்லோருக்கும் தண்டனை உண்டு என்றது. 'இது அரசியல் குற்றம்' என்று காரணம் காட்டி ஆளை ஒப்படைக்க மறுக்கக் கூடாது. அவரவர் நாட்டில் சட்டம் போட வேண்டும் என்றும் சொன்னது. இந்தியா 1949இல் கையெழுத்திட்டு 1959இல் உறுதிசெய்தது. 1962இல் ஆட்களை ஒப்படைக்கும் சட்டமும் வந்தது. இனப்படுகொலைச் சட்டம்தான் வரவில்லை.

இது வெறும் ஏட்டுக் குறை அல்ல. பொதுவாக, கேட்கும் நாடு, கொடுக்கும் நாடு இரண்டிலும் குற்றமாக இருந்தால்தான் ஆளை ஒப்படைப்பார்கள்.

1984 டெல்லி சீக்கியர் படுகொலையில் இந்தக் குறை பட்டவர்த்தனமானது. ராஜ் நகரில் ஐந்து பேரைக் கொன்ற வழக்கில் காங்கிரஸ் முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு 2018 டிசம்பர் 17 அன்றுதான் ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தத் தீர்ப்பை எழுதிய டெல்லி உயர் நீதிமன்ற அமர்வில் இருந்தவர், சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கிய நீதிபதி முரளிதர். மானுடத்துக்கு எதிரான குற்றமோ இனப்படுகொலையோ நம் குற்றவியல் சட்டத்தில் இல்லை, இந்த ஓட்டையை உடனே அடைக்க வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது.

ஈழப் போர்க்குற்றவாளிகள்மீது நடவடிக்கை கோரி 2011 ஜூன் 8 அன்று தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. நல்லது. ஆனால் அப்படி ஒருவர் மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினால் எந்தப் பிரிவில் கைது செய்வது? 1960ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். அது சொல்லும் கடும் மீறல்கள் பெரும்பாலும் நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் போரைச் சேர்ந்தவை. அதிலும் அரசே புகார் கொடுத்தால்தான் வழக்கு.

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இனப்படுகொலைக்குப் பிரிவு இல்லை.