எண்ணிக்கை வேறு, பங்கு வேறு

புதிய நாடாளுமன்றக் கட்டடம் 2023 மே மாதம் திறக்கப்பட்டபோது, அதன் மக்களவைக் கூடத்தில் 888 இருக்கைகள் அமைக்கப்பட்டிருந்தன. தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர்களோ 543 பேர். எஞ்சிய இருக்கைகள் எந்த மாநிலத்துக்குப் போகும் என்று அனைவரும் கணக்கிடுகிறோம். ஒரு நாட்டின் நாடாளுமன்றத்துக்கு எத்தனை உறுப்பினர்கள் தேவை என்ற முதற்கேள்வி அந்தச் சந்தடியில் காணாமற்போய்விட்டது. பொருளியல் பயிற்றுவித்த எனக்கு, இரண்டும் தனித்தனிக் கேள்விகள் என்றே தோன்றுகிறது.

அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது 81-ஆவது பிரிவு இதற்கு ஓர் அளவுகோலை வைத்திருந்தது. உறுப்பினர் ஒருவர் ஐந்து லட்சத்துக்குக் குறையாத, ஏழரை லட்சத்துக்கு மிகாத மக்களின் பிரதிநிதியாக இருக்க வேண்டும். அவையின் உச்ச வரம்பு 500. மக்கள்தொகை பெருகியதால் ஏழரை லட்சம் என்ற வரம்பு இரண்டாவது திருத்தத்திலேயே நீக்கப்பட்டது. முதல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோர் 489 பேர். அன்று ஓர் உறுப்பினருக்குச் சராசரியாக 7.4 லட்சம் மக்கள். இன்று 25 லட்சத்துக்கும் அதிகம்.

1976-இல் வந்த 42-ஆவது திருத்தம் 1971 கணக்கெடுப்பின்படி அமைந்த இடங்களை உறையவைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டைச் செம்மையாக நிறைவேற்றிய மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பது அதன் நியாயம். அது வெறும் கற்பனை அச்சமன்று. 1962-இல் 41 உறுப்பினர்களை அனுப்பிய சென்னை மாநிலம் 1967-இல் 39 பேரைத்தான் அனுப்ப முடிந்தது. 84-ஆவது திருத்தம் இந்த உறைநிலையை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது.

நான் சுட்டிக்காட்ட விரும்புவது இதுதான்: மாநிலங்களின் பங்கைக் காப்பாற்ற, அவையின் மொத்த எண்ணிக்கையையும் உறையவைத்திருக்கத் தேவையில்லை. அமெரிக்கா இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. அங்கே 1920 கணக்கெடுப்பில் நகர மக்கள் கிராம மக்களை விஞ்சிவிட, கிராமப்புற உறுப்பினர்கள் அந்தப் பத்தாண்டு முழுவதும் மறுபங்கீட்டையே நடக்கவிடவில்லை. இறுதியில் 1929-ஆம் ஆண்டுச் சட்டம் பிரதிநிதிகள் அவையை 435 என்ற எண்ணிக்கையில் நிலைநிறுத்தியது. அங்கே மொத்தம் அசைவதில்லை. மாநிலப் பங்கு பத்தாண்டுக்கொரு முறை மாறுகிறது. நாம் இரண்டையும் ஒரே பூட்டுக்குள் வைத்தோம். பங்கை நிலையாக வைத்து மொத்தத்தை வளரவிடும் மூன்றாவது வழி எவர் கண்ணிலும் படவில்லை.

சரி, மொத்தம் எவ்வளவு? எஸ்தோனியாவில் பிறந்த அரசியல் அறிஞர் ரெயின் டாகபெரா 1972-இல் ஒரு விதியை முன்வைத்தார். அவையின் அளவு மக்கள்தொகையின் கனமூலத்தை ஒட்டி அமைகிறது என்பது அது. அதன் தர்க்கம் எளியது. உறுப்பினர்கள் குறைந்தால், ஒவ்வொருவரும் அளவுக்கு மீறிய மக்களுக்குச் செவிகொடுக்க வேண்டும்; மிகுந்தால், சக உறுப்பினர்களோடு பேசுவதிலேயே காலம் கழியும். இவ்விரு சுமைகளின் கூட்டு மிகக் குறைவாக இருக்கும் இடமே கனமூலம். இத்தாலிக்கு இக்கணக்கு ஏறத்தாழ 390-ஐத் தருகிறது. அந்நாடு 2020 பொதுவாக்கெடுப்பில் தன் கீழவையை 630-இலிருந்து 400-ஆகக் குறைத்துக்கொண்டது. 140 கோடி மக்கள் கொண்ட நமக்கு 1,119 வருகிறது! இதை அப்படியே ஏற்க நான் தயாராக இல்லை. நமக்கு மாநிலச் சட்டப்பேரவைகளும் உள்ளாட்சி மன்றங்களும் இருக்கின்றன. குடிநீர்க் குழாய்க்காக எவரும் தில்லிக்குப் போக வேண்டியதில்லை.

விதிகளைக் காட்டிலும் கடிகாரம் நன்றாகப் பேசும். முதல் மக்களவை தன் ஐந்தாண்டில் 677 நாள்கள் கூடியது. பதினேழாவது மக்களவை கூடியது 274 நாள்கள். அதாவது ஆண்டுக்குச் சுமார் 55. நாளுக்கு ஆறு மணி நேரம் என்று கொண்டால், ஓர் உறுப்பினரின் பங்கு ஆண்டுக்கு 36 நிமிடம். அவையை ஒன்றரை மடங்காக்கி 815 ஆக்கினால் அது 24 நிமிடமாகும். கேள்வி நேரம் அப்போதும் ஒரு மணி நேரமே. வாய்மொழி விடைக்குப் பட்டியலிடப்படுபவை அதே 20 கேள்விகளே. நான் பணியாற்றிய கல்லூரியில் கல்விக் குழு பெருகப் பெருக, உண்மையான முடிவுகள் முதல்வர் அறையில் கூடும் நால்வர் கைக்குப் போனதைப் பார்த்தவன் நான். பெரிய அவையில் கட்சித் தலைமையின் பிடி இறுகும். நம் நாட்டில் கட்சித் தாவல் தடைச் சட்டமும் அதற்குத் துணை நிற்கிறது.

செலவைப் பொறுத்தவரை, உறுப்பினர்களின் ஊதியம் அரசின் வரவு-செலவில் ஒரு துளி. கவலைக்குரியது வேறு. தன் தொகுதிக்கு வரும் திட்டத்தின் பயன் முழுவதும் தனக்கு. செலவில் தன் பங்கு மொத்த உறுப்பினர்களில் ஒன்று. வைன்காஸ்ட், ஷெப்சில், ஜான்சன் ஆகிய மூவரும் 1981-இல் இந்தக் கருத்தை விளக்கினர். உறுப்பினர்கள் கூடக் கூட, பிறர் பணத்தில் திட்டம் கேட்கும் ஆசையும் கூடும்.

இனி பங்கு. எல்லா மாநிலங்களுக்கும் ஒன்றரை மடங்கு என்றால் உத்தரப் பிரதேசம் 80-இலிருந்து 120 ஆகும்; தமிழ்நாடு 39-இலிருந்து 58 அல்லது 59 ஆகும். 41 ஆக இருந்த இடைவெளி 60-ஐத் தாண்டுகிறதே என்று நண்பர்கள் பதறுகின்றனர். வாக்கெடுப்பில் எடை போடுவது விழுக்காடு. பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணும் 272-இலிருந்து 408 ஆகிவிடும், நம் 7.2 விழுக்காடு மாறாது. ஆபத்து, எண்ணிக்கை உயர்வு என்ற இனிப்பைக் காட்டி விழுக்காட்டைக் குறைப்பதில்தான் உள்ளது. இடங்கள் 45 ஆக உயர்ந்தாலும், 815 பேர் அவையில் அது 5.5 விழுக்காடே.

பங்கை நிலைநிறுத்தினால் பிகாரில் வாழும் வாக்காளரின் வாக்கு மதிப்பு குறையும் என்பதை மறைப்பதற்கில்லை. அது கூட்டாட்சிக்காக நாடு தரும் விலை; அதைத் தரலாமா என்பதை மாநிலங்களை அழைத்துப் பேசித் தீர்க்க வேண்டும். அவையின் அளவை அந்தப் பேச்சுக்குப் பணயமாக்க வேண்டியதில்லை. அளவை உயர்த்துவதானால், அதே திருத்தத்தில் ஒரு நிபந்தனையும் இடம்பெற வேண்டும். நீதிபதி வெங்கடாசலையா தலைமையிலான அரசமைப்புச் சட்டச் செயல்பாட்டு ஆய்வு ஆணையம், மக்களவை ஆண்டுக்குக் குறைந்தது 120 நாள்கள் கூட வேண்டும் என 2002-இலேயே பரிந்துரைத்தது. அதைக் கட்டாயமாக்கினால், 815 பேர் கொண்ட அவையிலும் ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 53 நிமிடம் கிடைக்கும்.